நாய் எத்தனை வருடம் வாழும்? அதில் நம் கையில் இருப்பது எவ்வளவு?

மழைக்குருவி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு லேப்ரடாருக்கு நான்கு வயது முடிந்துவிட்டது. பெண் நாய், எடை 36 கிலோ. பெரிய ஜாதி நாய் பத்து வருடம் இருந்தாலே அதிகம் என்கிறார் ஒருவர். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து என்கிறார் இன்னொருவர். நடுவில் ஐந்து வருடம் நிற்கிறது. ஒரு நாயின் வாழ்க்கையில் அது எவ்வளவு பெரிய பங்கு!

எனக்கு முக்கியமாகத் தெரிய வேண்டியது, நான் எதை மாற்றினால் அவளுடைய ஆயுள் உண்மையிலேயே கூடும் என்பதுதான். தீவன விளம்பரங்களில் வரும் பதில் வேண்டாம். ஆய்வு செய்து பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? நாய் வயதை ஏழால் பெருக்கினால் மனித வயது என்கிறார்களே, அது சரியா என்றும் சொல்லுங்கள்.

எண்ணும்எழுத்தும்:

முதலில் எண்ணிக்கை. பிரிட்டனில் டாக்ஸ் டிரஸ்ட் அமைப்பின் ஆய்வாளர்கள் 2024-ல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். மொத்தம் 5,84,734 நாய்களின் பதிவுகள். அதில் கிடைத்த இடைநிலை ஆயுள் 12.5 வருடம். அதாவது பாதி நாய்கள் அதற்கு முன்பே இறக்கின்றன, பாதி அதைத் தாண்டுகின்றன. லேப்ரடாருக்கு 13 வருடத்தை ஒட்டி வருகிறது. எனவே உங்களிடம் பத்து என்று சொன்னவர் கொஞ்சம் பயமுறுத்திவிட்டார். பதினைந்தைத் தொடும் லேப் உண்டு, ஆனால் அது எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

இனத்துக்கு இனம் உள்ள வித்தியாசம் திகைக்க வைக்கிறது. அந்தப் பட்டியலின் மேலே லங்காஷயர் ஹீலர் என்ற சின்ன நாய், 15.4 வருடம். கடைசியில் காக்கேசியன் ஷெப்பர்ட், 5.4 வருடம். ஒரே உயிரினம், மூன்று மடங்கு இடைவெளி. பெண் நாய்கள் ஆண் நாய்களைவிடச் சில மாதங்கள் கூடுதலாக வாழ்கின்றன: 12.7-க்கு 12.4.

நாலுகால்டாக்டர்:

நான் கால்நடை மருத்துவர். மேலே நண்பர் சொன்ன இடைவெளியில் பெரும்பகுதிக்குக் காரணம் உடல் அளவு. விலங்கு உலகத்தில் பொதுவாகப் பெரிய உயிரினம்தான் நீண்ட நாள் வாழும். எலி இரண்டு மூன்று வருடம், யானை அறுபதுக்கு மேல். ஆனால் நாய் என்ற ஒரே உயிரினத்துக்குள் அது தலைகீழாகிவிடுகிறது. கிரேட் டேன், ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்ட் போன்றவை ஏழெட்டு வயதிலேயே கிழடாகிவிடும். அதே வயதில் ஒரு டாக்ஸ்ஹுண்ட் வீடு முழுக்க ஓடிக்கொண்டிருக்கும்.

ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கொர்னீலியா கிராஸும் அவருடைய குழுவினரும் 2013-ல் 74 இனங்களை எடுத்து இதைப் பிரித்துப் பார்த்தார்கள். பெரிய நாய்க்கு முதுமை சீக்கிரமே தொடங்குகிறதா, குட்டியிலிருந்தே ஆபத்து அதிகமா, இல்லை முதுமை தொடங்கிய பிறகு வேகமாக ஓடுகிறதா என்பதுதான் கேள்வி. அவர்களுக்குக் கிடைத்த முக்கியமான விடை, அந்த வேகம்தான். உடல் எடையில் ஒவ்வொரு இரண்டு கிலோவுக்கும் ஏறக்குறைய ஒரு மாதம் குறைகிறது என்பது அவர்கள் சொன்ன தோராயக் கணக்கு. இது இனத்தின் இயல்பான அளவைப் பற்றியது. கொழுப்பால் ஏறும் எடை தனிக் கதை, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஏன் இப்படி என்பதற்கு முழு விடை இன்னும் இல்லை. ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணி மீது வலுவான சந்தேகம் இருக்கிறது. சின்ன இனங்களுக்கும் பெரிய இனங்களுக்கும் நடுவே இதற்கான மரபணு மாறியிருப்பதை 2007-லேயே கண்டுபிடித்தார்கள். அந்தக் காரணி குறைவாக உள்ள எலிகள் ஆய்வகத்தில் நீண்ட நாள் வாழ்கின்றன. ஒன்றரை வருடத்துக்குள் அரைக் கிலோவிலிருந்து அறுபது கிலோவுக்கு ஓடும் உடலில் செல்கள் பிரியும் வேகத்தை யோசித்துப் பாருங்கள். பெரிய இனங்களைப் புற்றுநோய் அதிகம் தாக்குவதில் ஆச்சரியமில்லை.

செவலை:

நான் வளர்ப்பது எல்லாமே கலப்பு நாய்கள்தான். ஜாதி நாயைக் காசு கொடுத்து வாங்கி, நோயையும் சேர்த்து வாங்குகிறார்கள் என்பது என் வருத்தம். கலப்பு நாய்தான் அதிக நாள் வாழும் என்பது ஊரறிந்த விஷயம். இதையும் யாராவது எழுதுங்கள். காப்பகங்களில் எத்தனையோ நாய்கள் வீடு இல்லாமல் காத்திருக்கின்றன.

எண்ணும்எழுத்தும்:

செவலை அண்ணா, காப்பகத்திலிருந்து எடுங்கள் என்பதை முழு மனதோடு ஆமோதிக்கிறேன். ஆனால் ஆயுள் விஷயத்தில் கணக்கு அவ்வளவு நேராக இல்லை. லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரியின் 2013 ஆய்வில் கலப்பு நாய்கள் சராசரியாக 1.2 வருடம் கூடுதலாக வாழ்ந்தன. நான் முன்பு சொன்ன 2024 ஆய்விலோ தூய இனத்துக்கு 12.7, கலப்புக்கு 12.0 என்று மாறி வந்தது. அந்தக் கலப்பில் திட்டமிட்டு உருவாக்கும் புதுக்கலப்பு நாய்களும் சேர்ந்தே இருக்கின்றன. எந்த நாய்களை எண்ணினார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

இதற்கு இன்னொரு உதாரணம். 2022-ல் அதே ராயல் கல்லூரியின் தரவிலிருந்து 30,563 நாய்களின் இறப்பை வைத்து ஆயுள் அட்டவணை போட்டார்கள். ஃபிரெஞ்சு புல்டாக்குக்கு வெறும் 4.5 வருடம் என்று வந்ததும் செய்திகளில் பெரிய பரபரப்பு. அந்த இனம் பிரிட்டனில் அப்போதுதான் சில வருடங்களாகப் பிரபலமாகியிருந்தது. உயிரோடு இருந்தவற்றில் பெரும்பாலானவை இளசுகள். கிழ நாய்களே அதிகம் இல்லாத கூட்டத்தில் இறந்தவற்றை மட்டும் எண்ணினால் சராசரி தாழ்ந்துதான் போகும். 2024 கணக்கில் அதே இனத்துக்கு 9.8 வந்தது. எண்ணைப் பார்த்ததும் அது யாரை எண்ணியது என்று கேட்டுவிடுவது நல்லது.

பக்பிரியை:

9.8 என்பதே எனக்கு நெஞ்சை அடைக்கிறது. என்னிடம் பக் இருக்கிறான், ஐந்து வயது. தூங்கும்போது பலமாகக் குறட்டை விடுவான். எல்லோரும் அழகு என்கிறார்கள். அந்த இனத்துக்கு அது இயல்புதானே, டாக்டர்?

நாலுகால்டாக்டர்:

இனத்தில் பரவலாக இருப்பதாலேயே அது ஆரோக்கியம் ஆகிவிடாது, பக்பிரியை. முகத்தைத் தட்டையாக்கினார்கள், உள்ளே இருக்கும் மென்மையான அண்ணமும் நாக்கும் அதே அளவில் சுருங்கவில்லை. மூச்சுப் பாதை அடைபடுகிறது. நாய் மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்க வேண்டும். அது முடியாததால் இந்த நாய்கள் வெயிலில் சீக்கிரம் சுருண்டு விழுகின்றன. 2024 ஆய்வில் தட்டை முக இனங்களுக்கு 11.2 வருடம், நடுத்தர முக நீளம் உள்ளவற்றுக்கு 12.8.

உங்கள் பையனை ஒரு முறை மூச்சுப் பாதைக்காகவே காட்டுங்கள். மூக்குத் துளை ஒடுங்கியிருந்தால் அறுவை செய்து அகலப்படுத்தலாம். எடை ஏறாமல் பாருங்கள், கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை போடுங்கள், உச்சி வெயிலில் நடத்த வேண்டாம். மற்ற இனங்களுக்கும் இப்படிப் பரம்பரைச் சுமை உண்டு. கவலியர் கிங் சார்ல்ஸுக்கு இதய வால்வு, டோபர்மேனுக்கு இதயத் தசை, பெர்னீஸ் மலை நாய்க்குப் புற்றுநோய். குட்டி எடுக்கும்போதே தாய் தந்தையின் பரிசோதனை முடிவுகளைக் கேட்பவர்கள் கூடினால், வளர்ப்பவர்களும் மாறுவார்கள்.

மழைக்குருவி:

ஏழால் பெருக்கும் விஷயத்தை யாரும் தொடவில்லையே?

எண்ணும்எழுத்தும்:

அது சரியில்லை. ஒரு வயது நாய் குட்டி போட முடியும், ஏழு வயதுக் குழந்தையோடு அதை எப்படி ஒப்பிடுவது? நாய் முதல் வருடத்தில் பாய்ந்து வளர்ந்து, பிறகு நிதானமாக மூப்படைகிறது.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் 2020-ல் 104 லேப்ரடார்களின் டிஎன்ஏ-வில் வயதோடு மாறும் வேதிக் குறிகளை மனிதர்களின் குறிகளோடு பொருத்திப் பார்த்தார்கள். அவர்கள் சூத்திரப்படி ஒரு வயது லேப் 31 வயது மனிதருக்குச் சமம். நான்கு வயது 53, எட்டு வயது 64, பன்னிரண்டு வயது 71. உங்கள் நாய்க்கு 53 என்றதும் பதற வேண்டாம். செல்லுக்குள் இருக்கும் குறிகளைத்தான் அது அளக்கிறது, ஓடும் தெம்பை அல்ல. ஒரே இனத்தை வைத்துப் போட்ட கோடு என்பதால் சிவாவாவுக்கும் கிரேட் டேனுக்கும் அப்படியே பொருந்தாது.

நாலுகால்டாக்டர்:

இப்போது மழைக்குருவியின் முதல் கேள்வி. அளவையும் இனத்தையும் நாயை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு மாற்ற முடியாது. உங்கள் கையில் மிச்சமிருப்பதில் மிகப் பெரியது எது என்று கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: உடல் எடை.

இதற்கு ஆதாரமாக நான் எப்போதும் காட்டும் ஆய்வு லேப்ரடார்களை வைத்தே நடந்தது. பியூரினா நிறுவனம் நடத்தியது, 2002-ல் வெளியானது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்தார்கள், மொத்தம் 48 நாய்கள். ஜோடியில் ஒன்று சாப்பிடும் அளவைவிட 25 சதவீதம் குறைவாக மற்றதற்குக் கொடுத்தார்கள். அதே தீவனம், அதே இருப்பிடம், வாழ்நாள் முழுக்க. குறைவாகச் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. என் கணக்கில் இந்த இரண்டாவது விஷயம் முதலாவதைவிடப் பெரியது. கூடுதலாகக் கிடைத்த காலத்தில் அந்த நாய்கள் எழுந்து நடமாடின.

தீவனம் விற்கும் நிறுவனமே குறைத்துப் போடுங்கள் என்று சொல்லும் முடிவை வெளியிட்டிருப்பது அதன் நம்பகத்தன்மையைக் கூட்டுகிறது என்பேன். அப்புறம் 2019-ல் 50,787 நாய்களின் மருத்துவமனைப் பதிவுகளை வைத்து வந்த ஆய்வு. நடு வயதில் குண்டாக இருந்த நாய்கள், சரியான எடையில் இருந்தவற்றைவிட முன்பே இறந்தன. அதில் பார்த்த 12 இனங்களிலும் இதே கதைதான். ஜெர்மன் ஷெப்பர்டுக்கு ஐந்து மாத அளவில் இழப்பு, யார்க்‌ஷயர் டெரியருக்கு இரண்டரை வருடம்.

மழைக்குருவி, பெண் லேப்ரடாருக்கு 36 கிலோ என்பது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. பெரும்பாலும் 25-லிருந்து 32-க்குள் இருக்கும். எலும்புக் கட்டு பெரிதாக இருக்கலாம், படத்தைப் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன். அவள் நிற்கும்போது இரண்டு பக்கமும் விலாவில் கையை வைத்து மெதுவாகத் தடவுங்கள். அழுத்தாமலே எலும்புகள் விரலுக்குத் தெரிய வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்ளே வாங்கியிருக்க வேண்டும்.

மழைக்குருவி:

பார்த்தேன், டாக்டர். நன்றாக அழுத்தினால்தான் விலா தெரிகிறது. இடுப்பு இருக்கிற மாதிரியே இல்லை. ஆனால் அவள் எப்போதும் பசியோடுதான் பார்க்கிறாள். வீட்டில் பெரியவர்கள், வாயில்லா ஜீவனைப் பட்டினி போடாதே என்கிறார்கள். எப்படிக் குறைப்பது?

நாலுகால்டாக்டர்:

லேப்ரடார்களில் பலவற்றுக்குப் பசியை அடக்கும் பிஓஎம்சி என்ற மரபணுவின் ஒரு துண்டே இல்லாமல் இருப்பதை 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டார்கள். வயிறு நிறைந்தும் அவற்றுக்குப் பசி நிற்பதில்லை. அந்தப் பார்வை நடிப்பு இல்லை, உண்மையான பசிதான். அதனால்தான் அளவை நாம் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள், கண்டிப்பாகப் புரிந்துகொள்வார்கள்.

முதலில் உங்கள் டாக்டரிடம் காட்டித் தைராய்டு குறைவு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு கப்பால் அளப்பதை விட்டுத் தராசில் நிறுத்துப் போடுங்கள். கப் அளவில் ஒவ்வொரு கைக்கும் வித்தியாசம் வரும். பிஸ்கட், மிச்சம் மீதி எல்லாம் சேர்ந்து ஒரு நாளைய கலோரியில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அவளுக்கு ஏதாவது கொடுக்கவே வேண்டும் என்று மனம் கேட்காதபோது பீன்ஸ், வெள்ளரித் துண்டு கொடுக்கலாம். வாரத்துக்கு உடல் எடையில் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம் குறைந்தால் போதும். அவளுக்கு அது 360-லிருந்து 720 கிராம். இன்னும் வேகமாக இறக்கினால் கொழுப்போடு தசையும் கரையும்.

செவலை:

எல்லோரும் முதுமையையே பேசுகிறீர்கள். நான் பார்த்த வரை அநியாயமாகப் போகும் உயிர்கள் குட்டிகள்தான். பார்வோ, டிஸ்டெம்பர் என்ற கிருமி நோய்கள் இரண்டுக்கும் தடுப்பூசி இருக்கிறது. ஆனால் ஒரு ஊசி போட்டதும் முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும் வரை ஊசி சரியாகப் பிடிக்காது. அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கிப் பதினாறு வாரம் வரை மறுபடி மறுபடி போடச் சொல்கிறார்கள். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், முந்தைய குட்டி அந்த நோயில் இறந்த இடத்தில் ஊசி முடியாத புதுக் குட்டியை விடாதீர்கள்.

இன்னொன்று, கயிறு. கதவு திறந்ததும் பாய்ந்து வண்டியில் அடிபடும் இளம் நாய்களுக்கு எந்த நல்ல தீவனமும் உதவாது. உண்ணியையும் அலட்சியமாக எடுக்காதீர்கள், அது கொண்டுவரும் எர்லிக்கியாவும் பபேசியாவும் ரத்தத்தையே காலி செய்துவிடும். கொசு கடித்து வரும் இதயப் புழுவுக்கும் மாத மாத்திரை இருக்கிறது.

பக்பிரியை:

கருத்தடை செய்தால் ஆயுள் கூடும் என்கிறார்கள், புற்றுநோய் வரும் என்றும் சொல்கிறார்கள். எதை நம்புவது?

நாலுகால்டாக்டர்:

இரண்டிலுமே உண்மை இருக்கிறது. அமெரிக்கக் கால்நடைப் பல்கலைக்கழக மருத்துவமனைகளின் பதிவுகளிலிருந்து 40,139 நாய்களின் இறப்பை எடுத்துப் பார்த்த 2013 ஆய்வில், கருத்தடை செய்தவை சராசரியாக 9.4 வயதிலும் செய்யாதவை 7.9 வயதிலும் இறந்தன. கருத்தடை செய்தவற்றில் தொற்றாலும் அடிபட்டும் இறப்பது குறைவு, புற்றுநோயால் இறப்பது அதிகம். நீண்ட நாள் இருந்தால் புற்றுநோய் வர நேரமும் கிடைக்கிறது என்பது ஒரு பகுதி விளக்கம். கருத்தடை செய்பவர்கள் மற்ற விஷயங்களிலும் கவனமானவர்களாக இருப்பார்கள் என்பதையும் கழித்துப் பார்க்க வேண்டும்.

பெண் நாய்களுக்கு நான் செய்யச் சொல்லவே விரும்புவேன். கருப்பையில் சீழ் பிடிப்பது சாதாரண நோய் இல்லை. ஸ்வீடனின் காப்பீட்டுத் தரவுகளில் கருத்தடை செய்யாத பெண் நாய்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் அது வந்திருக்கிறது. ஆனால் லேப், கோல்டன், ஷெப்பர்ட் மாதிரிப் பெரிய இனங்களுக்கு வளர்ச்சி முடியும் முன்பே செய்தால் மூட்டுக் கோளாறுகள் கூடுகின்றன. அவற்றுக்கு ஒரு வயதாவது ஆகட்டும். சரியான மாதத்தை உங்கள் நாயைத் தொட்டுப் பார்த்த டாக்டர் சொல்வார்.

செவலை:

போர்ச்சுகலில் ஒரு நாய் 31 வயது வரை இருந்ததே? மனிதர்கள் சாப்பிடுவதையே சாப்பிட்டது என்று படித்தேன். தீவனமே தேவையில்லை என்றுதானே ஆகிறது?

எண்ணும்எழுத்தும்:

போபி என்ற அந்த நாய்க்கு 2023 பிப்ரவரியில் கின்னஸ் பட்டம் கொடுத்தார்கள், அக்டோபரில் அது இறந்தது. பிறந்த வருடத்துக்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று 2024 பிப்ரவரியில் பட்டத்தைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். பழைய பதிவாக நிற்பது ஆஸ்திரேலியாவின் புளூயி. 1910-ல் குட்டியாக வந்து 1939 வரை, 29 வருடம் 5 மாதம். ஏறக்குறைய இருபது வருடம் ஆடு மாடு மேய்த்த நாய். இப்படி ஒற்றை நாயை வைத்து உணவுக்கு முடிவு கட்ட முடியாது, அண்ணா. வீட்டுச் சமையல் கொடுப்பவர்கள் கால்சியம், துத்தநாகம் சரியாக இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டுக் கொடுக்கட்டும். வெங்காயம், திராட்சை, சாக்லேட், சைலிட்டால் என்ற சர்க்கரை மாற்று கலந்த இனிப்பு எதுவும் பக்கத்திலேயே வரக் கூடாது.

ஆயுளைக் கூட்டும் மருந்து பற்றியும் சிலர் கேட்பார்கள். ராபமைசின் என்ற பழைய மருந்தை ‘டாக் ஏஜிங் புராஜெக்ட்’ ஆய்வாளர்கள் அமெரிக்காவில் நாய்களிடம் சோதிக்கிறார்கள். லாயல் என்ற நிறுவனத்தின் எல்ஓஒய்-002 மாத்திரை, பத்து வயது தாண்டிய நாய்களுக்கானது. பலன் இருக்கும் என்று எதிர்பார்க்க நியாயமான ஆதாரம் உண்டு என்று அமெரிக்க மருந்துத் துறை 2025 பிப்ரவரியில் ஏற்றுக்கொண்டது. அது அனுமதிக்கான ஒரு படிதான். இவற்றின் பெயரில் இணையத்தில் யாராவது ஏதாவது விற்றால் வாங்காதீர்கள்.

கருப்பன்வீடு:

இவ்வளவு நாள் படிப்பதோடு சரி, இன்று கேட்க வேண்டியிருக்கிறது. எங்கள் கருப்பனுக்குப் பதின்மூன்று வயது, 18 கிலோ. சில வாரங்களாக இரவில் எழுந்து வீட்டைச் சுற்றுகிறான், மூலையில் போய் நிற்கிறான். தண்ணீரும் அதிகம் குடிக்கிற மாதிரி இருக்கிறது. வயசானால் அப்படித்தான், விடுங்கள் என்கிறார்கள். என்னால் விட முடியவில்லை.

நாலுகால்டாக்டர்:

விடவே வேண்டாம். வயது என்பது நோய்க்குப் பெயர் ஆகாது. நாய்களுக்கும் மறதி நோய் வரும். டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வில் 11, 12 வயது நாய்களில் 28 சதவீதத்துக்கும், 15, 16 வயதில் 68 சதவீதத்துக்கும் அதன் அறிகுறி ஒன்றாவது இருந்தது. ஆனால் அந்த முடிவுக்குக் கடைசியாகத்தான் வர வேண்டும். மூட்டு வலியால் படுக்க முடியாத நாயும் இரவில் சுற்றும். கண் மங்கினாலும் மூலையில் நிற்கும். பல்லில் காறை படிந்து ஈறு சீழ் வைத்திருந்தாலும் தூங்காது. உங்கள் பதிவில் என்னை நிறுத்தியது தண்ணீர். சிறுநீரகம், சர்க்கரை, குஷிங் என்ற ஹார்மோன் கோளாறு, மூன்றுமே தண்ணீரில்தான் முதலில் தெரியும்.

பாத்திரத்தில் அளந்து ஊற்றி, ஒரு நாள் முடிவில் மிச்சத்தைக் கழித்துப் பாருங்கள். கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால் அதிகம். கருப்பனுக்கு அது 1.8 லிட்டர்.

கருப்பன்வீடு:

அளந்துவிட்டேன், டாக்டர். இரண்டு லிட்டரைத் தாண்டுகிறது. நாளை காலையே கூட்டிப்போகிறோம். கையோடு என்ன கொண்டுபோக வேண்டும்?

நாலுகால்டாக்டர்:

காலையில் முதலில் விடும் சிறுநீரைச் சுத்தமான டப்பாவில் பிடித்துக்கொள்ளுங்கள், சிறுநீரகம் எவ்வளவு அடர்த்தியாக்குகிறது என்பது அதில்தான் நன்றாகத் தெரியும். அவன் இரவில் சுற்றுவதைக் கைபேசியில் படம் பிடித்துக் காட்டுங்கள். இப்போது கொடுக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். தண்ணீரை மட்டும் எக்காரணம் கொண்டும் குறைக்காதீர்கள். ரத்தப் பரிசோதனையோடு ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். முடிவு வந்ததும் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.